லண்டன்–நியூயார்க் தூரமும் விமான நேரமும்: என் கணக்கு ஒத்துவரவில்லை

கேள்வி:
வணக்கம். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தூரமும் விமான நேரமும் வருகிற மாதிரி எக்செல்லில் ஒரு தாள் போட்டிருக்கிறேன். சோதிக்க லண்டன் (51.5 வடக்கு, 0.1 மேற்கு), நியூயார்க் (40.7 வடக்கு, 74.0 மேற்கு) கொடுத்தேன். கோளத்துக்கான கொசைன் சூத்திரம், பூமியின் ஆரம் 6,371 கி.மீ. விடை 9,314 கி.மீ. என்கிறது. எங்கே பார்த்தாலும் 5,570 பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். நான்கு முறை சரிபார்த்துவிட்டேன், ஓர் அடைப்புக்குறிகூடப் பிசகவில்லை.

இன்னொன்று. டிக்கெட்டில் காலை 10-க்குக் கிளம்பி மதியம் 1-க்குச் சேர்வதாக இருக்கிறது. திரும்பும்போது இரவு 7-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7. போக 3 மணி நேரம், வர 12 மணி நேரமா?

மறுமொழி 1:
சூத்திரம் சரியாகத்தான் இருக்கும். கோணத்தை டிகிரியில் கொடுத்திருப்பீர்கள். எக்செல்லின் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் (முழு வட்டத்தை 360 டிகிரி என்பதற்குப் பதில் சுமார் 6.28 என்று வைக்கும் கோண அளவு) வாங்கும். உங்கள் 51.5-ஐ ரேடியன் என்று எடுத்துக்கொண்டு, வட்டத்தை எட்டு முறைக்கு மேல் சுற்றிவிட்டு வந்து ஒரு விடை சொல்கிறது. பிழைச் செய்தியும் வராது, நம்பும்படியான எண்ணாகவும் இருக்கும். அதுதான் இதில் வம்பே. ஒவ்வொரு கோணத்தையும் பை (π, சுமார் 3.1416) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட்டீர்களா? இங்கே இரண்டும் மேற்கு என்பதால் தவறு வெளியே தெரியாது. கிழக்கில் ஓர் ஊரைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேட்டவர்:
5,573 வந்துவிட்டது, நன்றி! மைனஸ் போடவில்லை, இப்போது போட்டுவிட்டேன். ஆனால் 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 6 மணி 11 நிமிடம்தான். டிக்கெட்டின் 3, 12 இரண்டுக்கும் ஒட்டவில்லையே.

மறுமொழி 2:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆகவே போக 3+5=8, வர 12−5=7. வேடிக்கை என்னவென்றால், 3, 12 இரண்டின் சராசரியும் ஏழரை, 8, 7 இரண்டின் சராசரியும் ஏழரை. நேர வித்தியாசம் தெரியாமலே சராசரியைப் பிடித்துவிடலாம். தாளில் 5 என்று நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். மார்ச்சில் கோடைக்காலத்துக்காக இரண்டு நாடுகளும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். அமெரிக்கா முதலில் மாற்றிவிடும், பிரிட்டன் மாற்றும்வரை வித்தியாசம் 4 மணி நேரம்தான்.

போக வர ஒரு மணி நேரம் வேறுபடுவதற்குக் காரணம் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரையை வைத்துப் பார்த்தால் அதோடு காற்றின் வேகத்தைக் கூட்ட வேண்டும் அல்லது கழிக்க வேண்டும். 2020 பிப்ரவரிப் புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, இந்தக் காற்றைப் பிடித்துத்தான்.

சும்மா மதிப்பிட, காற்றை 100 கி.மீ. என்று வைத்து 800-ஆலும் 1,000-ஆலும் வகுத்துப் பாருங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு முக்கால் மணி சேர்ப்பது என் வழக்கம்.

கேட்டவர்:
போக 7 மணி 43, வர 6 மணி 19 வருகிறது. டிக்கெட்டில் 8, 7. மிச்சத்தை யார் சாப்பிட்டது?

மறுமொழி 2:
விமான நிறுவனம்தான். தாமதமானாலும் சரியான நேரத்துக்கு வந்ததாகக் காட்ட அட்டவணையில் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.