ஆச்சி பிறந்த தேதி: 1927 பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

ஆச்சியின் நினைவு மலரில் பிறந்த தேதி போட வேண்டும். ஆதாரில் இருப்பது வழக்கமான ஜனவரி 1, நம்ப முடியாது.

ஜாதக நோட்டில் பிரபவ வருடம், ஐப்பசி, தேய்பிறை, பூசம், உதயாதி (சூரிய உதயத்திலிருந்து) நாழிகை 12. கிழமையும் திதியும் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பிரபவ 1927, 1987 இரண்டிலும் வரும், இது 1927தான்.

சிக்கல் பூசத்தில். 27 நாளில் நட்சத்திரம் திரும்பிவிடுவதால் அந்த ஐப்பசியின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. பாழாய்ப்போன தேய்பிறையும் இரண்டுக்கும் பொருந்துகிறது!

ஒரே பிடி: சனி தசை இருப்பு (பிறக்கும்போது மீதமிருந்த சனி தசை) 4 வருடம் 3 மாதம். பூசத்தில் பிறந்தால் முதலில் வரும் சனி தசை மொத்தம் 19 வருடம் என்பதால், பூசத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கழிந்து பிறப்பு, அதாவது நாலாம் பாதம் (கடைசிக் கால் பகுதி). நாழிகைக்கு 24 நிமிடம், 12 நாழிகை என்றால் உதயத்திலிருந்து 4 மணி 48 நிமிடம். காலை பதினொரு மணிவாக்கில் இருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பூசம் இவ்வளவு கழிந்திருக்கிறதோ அதுதான் பிறந்த நாள்.

இரண்டு பூசத்துக்கும் தொடக்க, முடிவு நாழிகையைப் படமெடுத்துப் போடுங்கள். பஞ்சாங்கக் கணக்கு முறை வாக்கியமா திருக்கணிதமா என்றும் சொல்லுங்கள், நாழிகை மாறும்.