‘பெஞ்ச்’ என்பதற்குத் ‘திட்டக் காத்திருப்பு’: ஒரு முன்மொழிவும் அதற்கான காரணங்களும்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் எழுப்பிய வினாவில் இரண்டு பகுதிகள் உள்ளன. மென்பொருள் நிறுவனங்களில் ஊழியர் திட்டம் எதிலும் இல்லாமல் சம்பளத்தோடு காத்திருக்கும், ‘பெஞ்ச்’ என்று வழங்கும் நிலைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பது ஒன்று. அந்த நிலையில் இருப்பவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா, பொறுத்திருக்கலாமா என்பது மற்றொன்று. பின்னது கலைச்சொல் விவாதத்துக்குப் புறம்பானது என்று நண்பர்கள் சிலர் கருதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நிலையில் இருப்பவர் எதை எதை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறார் என்று தெரியாமல் நாம் எழுதும் வரையறை அகராதிக்கு உதவலாம், அவருக்கு உதவாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மென்பொருள் சேவை நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி, வாடிக்கையாளரின் திட்டத்தில் அமர்த்தப்பட்ட ஊழியரின் உழைப்புக்குப் பெறும் கட்டணம். திட்டம் முடிந்துவிட்டாலோ, வாடிக்கையாளர் செலவைக் குறைத்தாலோ ஊழியர் அதிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அப்போது கட்டணம் நின்றுவிடும், சம்பளம் நிற்காது. அடுத்த திட்டம் அமையும் வரை அந்தச் சம்பளத்தை நிறுவனம் தன் கையிலிருந்து கொடுக்கிறது. புதிய ஒப்பந்தம் கிடைத்த உடனே ஆட்களை அனுப்ப வேண்டியிருப்பதால் ஓரளவு ஆட்களை இவ்வாறு வைத்திருப்பது இத்தொழிலின் இயல்பு. அளவு மிஞ்சினால் லாபம் குறையும் என்பதால் இதற்கு வரம்பு வைக்கும் வழக்கமும் உண்டு. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஊழியர் ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 225 வேலைநாட்களாவது கட்டணம் பெறும் பணியில் இருக்க வேண்டும். திட்டமின்றி இருக்கும் நாட்கள் ஆண்டுக்கு 35 வேலைநாட்களைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே அந்நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததையும் எல்லோரும் அறிவோம். எனவே நாம் பெயர் வைக்கப்போகும் நிலை, வேலை தொடர்கின்ற, சம்பளம் வருகின்ற, ஆனால் நாட்கள் எண்ணப்படுகின்ற ஒரு நிலை. இந்த மூன்று கூறுகளில் ஒன்றை மறைக்கும் எந்தச் சொல்லும் ஏற்கத்தக்கதன்று.

இதுவரை வந்த பரிந்துரைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ‘விசிப்பலகை’ அகராதியில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் அது இருக்கையை மட்டுமே குறிக்கிறது. ஆங்கிலத்தில் அச்சொல் மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் இருக்கையை நினைவூட்டுவதால் பொருள்படுகிறது, தமிழில் அந்த நினைவு எழாது. ‘இருப்பு’, ‘கையிருப்பு’ ஆகியவை கிடங்கில் உள்ள சரக்கைச் சொல்பவை. மனிதரைக் குறிக்க அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘பணி நிறுத்திவைப்பு’ என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரைச் சொல்வதாகவே படும்.

‘வேலையில்லாக் காலம்’ என்பதை நண்பர் ஒருவர் எளிமை கருதிச் சொன்னார். இதை மட்டும் சற்று அழுத்தமாக மறுக்க விரும்புகிறேன். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ உள்ள ஒரு வீட்டில் ‘பையனுக்கு இப்போது வேலை இல்லையாம்’ என்ற செய்தி பரவினால், அதன் விளைவுகள் அந்த வீட்டின் கடன், திருமணப் பேச்சு, பெற்றோரின் உறக்கம் ஆகிய எல்லாவற்றையும் தொடும். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி அது பொய்யான செய்தியும் ஆகும். அந்த அழுத்தத்தில் அகப்பட்டு, கிடைத்த முதல் வேலையைக் குறைந்த சம்பளத்துக்கு ஏற்றுக்கொண்ட இளைஞர்களை நான் அறிவேன். பெயர் பிழையாக இருந்ததால் முடிவும் அவசரமாக எடுக்கப்பட்டது.

‘ஒதுக்கீடு’ என்ற வேரிலிருந்து சொல் அமைக்கலாம் என்று மூத்த உறுப்பினர் ஐயா அவர்கள் எழுதியதில் நியாயம் உண்டு. நிறுவனங்களின் ஆவணங்களில் உள்ள கருத்தும் அதுதான். ஆனால் தமிழில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்றால் ஒரு பணிக்கென வகுக்கப்பட்டவர் என்றும் பொருள், புறந்தள்ளப்பட்டவர் என்றும் பொருள். திட்டம் கிடைத்தவரை ‘ஒதுக்கப்பட்டவர்’ என்றும் கிடைக்காதவரை ‘ஒதுக்கப்படாதவர்’ என்றும் எழுதினால், படிப்பவர் இருவரையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்வார். கலைச்சொல்லுக்கு இந்த இரட்டைப் பொருள் ஆகாது.

‘தரிசுக்காலம்’ என்ற பரிந்துரை டெல்டாக்காரர்கள் பலரின் மனத்தைத் தொட்டிருக்கிறது, என் மனத்தையும் தொட்டது. நம் பகுதியில் சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு வருவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுகிறோம். நெல் அறுத்த பிறகு வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். ‘நெல் தரிசு’ என்னும் இந்தச் சாகுபடிக்கென்றே ஆடுதுறை 3 உளுந்து பெயர்பெற்றது. திட்டம் முடியும் தறுவாயிலேயே அடுத்த திறனைக் கற்கத் தொடங்குகிறவருக்கு இது மிகவும் பொருந்துகிறது. விடுவிக்கப்பட்டுப் பல வாரங்கள் கழித்துக் கற்கத் தொடங்குகிறவருக்கு அந்த ஈரம் கிடைப்பதில்லை. இத்தனை பொருத்தம் இருந்தும் இச்சொல்லை நான் விலக்குவதற்குக் காரணம், நெல் தரிசில் உளுந்து விளைவதை அறியாத மற்ற மாவட்டத்தார்க்குத் ‘தரிசு’ என்பது பயனற்றுக் கிடக்கும் நிலத்தையே குறிக்கும் என்பதுதான்.

அரசு நிர்வாகத்தில் ஏற்கெனவே வழங்கும் சொற்களை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஓர் அதிகாரி ஒரு பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு அடுத்த பொறுப்பு வழங்கப்படாமல் இருக்கும்போது ‘காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ‘கட்டாயக் காத்திருப்பு’ என்ற தொடரும் உண்டு. அவர் அரசுப் பணியிலேயே இருக்கிறார், பொறுப்பு மட்டுமே நிலுவையில் உள்ளது என்பதை எந்தத் தமிழ் வாசகரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்கிறார். அதேபோல், ஒரு பள்ளியில் மாணவர் எண்ணிக்கைக்கு மேற்பட்டிருக்கும் ஆசிரியரை ‘உபரி ஆசிரியர்’ என்பதும், அவரைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்புவதைப் ‘பணிநிரவல்’ என்பதும் கல்வித்துறையில் நன்கு வேரூன்றிய வழக்குகள். மேட்டிலிருந்து மண்ணெடுத்துப் பள்ளத்தில் இட்டு வயலைச் சமப்படுத்துவதை ‘நிரவுதல்’ என்றே சொல்லும் நமக்கு இச்சொல்லின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ‘திட்டக் காத்திருப்பு’. ‘பணிக்காத்திருப்பு’ என்று ஏன் வைக்கக் கூடாது என்ற கேள்வி எழலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவரோடு அது குழம்பும். ‘திட்டம்’ என்ற முன்னொட்டு, காத்திருப்பது வேலைக்காக அல்ல, திட்டத்துக்காக என்பதை நிலைநாட்டுகிறது. பேச்சில் ‘பெஞ்சில் இருக்கிறேன்’ என்பதுபோலக் ‘காத்திருப்பில் இருக்கிறேன்’ என்று சுருக்கியும் சொல்லலாம். ‘கட்டாய’ என்ற அடைமொழியைச் சேர்க்காமல் விட்டதும் கருதிச் செய்ததே. அரசுப் பணியில் மறுபொறுப்பு ஏறத்தாழ உறுதி, மென்பொருள் நிறுவனத்தில் அந்த உறுதி இல்லை.

இந்த இடத்தில்தான் தம்பியின் இரண்டாம் வினா உள்ளே வருகிறது. காத்திருப்பு என்றால் காத்திருப்பதற்கு ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அடுத்த திட்டம் அமையும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு உள்ள வரையில் அவர் திட்டக் காத்திருப்பில் இருக்கிறார். அந்த எதிர்பார்ப்பு அற்றுப்போன பிறகும் சம்பளம் சில மாதங்கள் வந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவர் நிறுவனத்தின் கணக்கில் ‘உபரி’ ஆகிவிட்டார். ஆங்கில வழக்கில் இவ்விரண்டு நிலைகளுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் பலர் காலந்தாழ்த்தி விழித்துக்கொள்வதற்குக் காரணம் என்று கருதுகிறேன். தமிழில் இரண்டு சொற்கள் இருக்கட்டும்.

இரண்டில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை எவ்வாறு அறிவது? ஆட்களைத் திட்டங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடுவிக்கப்பட்ட காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். திட்டம் முழுவதும் முடிந்து குழுவே கலைந்ததா, குழு தொடர்ந்து நடக்க அவர் மட்டும் விடுவிக்கப்பட்டாரா என்பது பெரிய வேறுபாடு. அடுத்து, நிறுவனத்துக்குள்ளேயே வேறு திட்டங்களுக்கு நடக்கும் உள்நேர்காணல்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நேர்காணல் வந்து தேர்வாகாமல் போவது திறன் குறித்த செய்தி. அதைக் கற்றுச் சரிசெய்யலாம். அழைப்பே வராமல் வாரங்கள் கடந்தால், அவருடைய தொழில்நுட்பத்துக்கு அந்த நிறுவனத்தில் தேவை குறைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

நாட்கணக்கை எல்லோரும் போட்டுப் பார்ப்பது நல்லது. வரம்பு 35 வேலைநாட்கள் என்றால் அது ஏழு வாரம். பணிவிலகல் அறிவிப்புக்காலம் பல நிறுவனங்களில் 90 நாட்கள், அதாவது ஏறத்தாழ பதின்மூன்று வாரம். வெளியில் வேலை தேடி, நேர்காணல்களைக் கடந்து, பின்புலச் சரிபார்ப்பும் முடிவதற்கு ஆகும் காலம் தனி. ஆகவே வரம்பு நெருங்கிய பிறகு தேடத் தொடங்குவது காலங்கடந்த செயல். விடுவிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே உள்ளேயும் வெளியேயும் ஒருசேரத் தேட வேண்டும். தேடுவது வேறு, விலகுவது வேறு. வேலை உத்தரவு எழுத்தில் கைக்கு வராமல் விலகல் கடிதம் கொடுப்பதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால் திட்டக் காத்திருப்பில் ஒரு சாதகமும் உண்டு. ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு எதுவும் கையில் இல்லாததால், அறிவிப்புக்காலத்தைக் குறைத்து விடுவிக்கும்படி மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். விரைவில் சேரக்கூடியவரைப் புதிய நிறுவனங்கள் விரும்புகின்றன. அவர் இன்னும் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியரே என்பதால் ஊதியப் பேச்சில் தலைகுனிய வேண்டியதில்லை. நடப்புத் திட்டம் குறித்துக் கேட்டால் முடிந்துவிட்டது என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். பொய்யான திட்டத்தைப் புனைந்து சொன்னால் சரிபார்ப்பில் வெளிப்படும். மனிதவளப் பிரிவினர் அழைத்துத் தாமாக விலகும்படி சொன்னால் அன்றே கையெழுத்திட வேண்டாம். அந்தக் கோரிக்கையை எழுத்தில் தரும்படி கேட்கலாம். தாமாக விலகியவர் என்று பதிவானபின், நீக்கப்பட்டவருக்குரிய எதையும் கோருவது கடினம்.

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) மறந்துவிடக் கூடாது. சட்டம் அதற்கு நிரந்தர ஊழியரிடம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கேட்கிறது. நான்கு ஆண்டுகளும் ஐந்தாம் ஆண்டில் 240 நாட்களும் முடித்தவருக்கும் அது உரியது என்று, முன்பிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டமின்றி இருந்த நாட்களும் பணி நாட்களே. ஐந்தாம் ஆண்டில் இருப்பவருக்குச் சில வாரப் பொறுமை கணிசமான தொகையாக மாறும். வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி தேவைப்படுவதே காரணம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2020க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, மயிலாடுதுறையிலும் பாபநாசத்திலும் இருந்தபடியே வேலை பார்த்தவர்கள், அடுத்த திட்டம் புனேயிலோ ஐதராபாத்திலோ அமைந்தால் தயங்குகிறார்கள். வயதான பெற்றோரையும் நிலத்தையும் எண்ணி அவர்கள் தயங்குவது இயல்பு. ஆனால் வந்த ஒதுக்கீட்டை மறுத்தவர் என்று பதிவாகிவிட்டால், நிறுவனத்தின் பார்வையில் அவருடைய காத்திருப்பின் தன்மையே மாறிவிடும். திருச்சி அருகே நாவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது, தஞ்சாவூரில் 2024இல் நியோ டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள், என்றாலும் எல்லாத் திறன்களுக்கும் இங்கேயே இடம் கிடைத்துவிடாது. ஊரை விட முடியாது என்பது உறுதியானால், அதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, தொலைவிலிருந்து பணிபுரிய இசையும் நிறுவனத்தைத் தேடுவதே முறை. ஒவ்வொரு ஒதுக்கீடாக மறுத்துக்கொண்டு நாள் கடத்துவது அவருக்கே கேடாகும்.

நம் பட்டியலில் சேர்ப்பதற்கான பதிவுகளைக் கீழ்க்கண்டவாறு எழுதியிருக்கிறேன்.

திட்டக் காத்திருப்பு: ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் முழுநேரப் பணியில், முறையான ஊதியத்துடன், கட்டணம் பெறும் திட்டம் எதிலும் அமர்த்தப்படாமல், அடுத்த அமர்த்தத்தை எதிர்நோக்கியிருக்கும் காலம்.

காத்திருப்பு வரம்பு: அக்காலத்துக்கு நிறுவனம் விதித்துள்ள உச்ச அளவு, வேலைநாட்களில்.

பணிநிரவல்: காத்திருப்பில் உள்ளவர்களைத் தேவையுள்ள திட்டங்களில் அமர்த்துதல், இதைச் செய்யும் பிரிவு ‘நிரவல் பிரிவு’.

உபரிநிலை: ஊதியம் தொடர்ந்தாலும் அமர்த்தத்துக்கான எதிர்பார்ப்பு நீங்கிவிட்ட நிலை.

‘உபரி’ வடசொல் என்பதால் ‘மிகைநிலை’ என்று எழுதலாமா என்று தனி மடலில் ஓர் அன்பர் கேட்டார். கல்வித்துறை வழக்கால் ‘உபரி’ மக்களிடம் முன்பே பரவியிருப்பதால் நான் அதையே விரும்புகிறேன், மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு எழுதலாம். ‘திட்டக் காத்திருப்பர்’ என்ற ஆட்பெயர் வேண்டுமா, ‘திட்டக் காத்திருப்பில் உள்ளவர்’ என்ற தொடரே போதுமா என்பதிலும் முடிவு காண வேண்டியுள்ளது; ஒரு நிலையை மனிதர்மேல் பெயராக ஒட்டுவதைத் தவிர்க்கலாம் என்பதால் பின்னதற்கே என் ஆதரவு.