பாடி ஸ்கேன் பயிற்சி வலது கைக்கு வந்தபோது

முதல் பதிவு

மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் முடக்குவாதம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலை நேர விறைப்பைப் பற்றி, நாட்பட்ட நோயோடு வாழும் நம் குழுவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓர் இரவு மட்டும் நினைவை விட்டு அகலவில்லை. உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுசெல்லும் 'பாடி ஸ்கேன்' என்ற மனக்கவனப் (mindfulness) பயிற்சியின் ஒலிப்பதிவு கால் விரல்களில் தொடங்கி மேலேறி வலது கைக்கு வந்தபோது, அதுவரை ஒரே கட்டியாகக் கனத்த வலி பிரிந்து தெரிந்தது: நடுவிரல் மூட்டில் துடிப்பு, மணிக்கட்டில் சூடு, கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை. 'நாளைக்குச் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது' என்ற அச்சம் தனியாக நின்றது. வலி குறையவில்லை, ஆனால் இறுகக் கடித்திருந்த பற்கள் தாமாகவே தளர்ந்தன. அந்த நிம்மதியை நம்பி முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்த வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அந்த வாரம் போடாமல் விட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் பதிவு

மேலே எழுதியவருக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எனக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சைக் கவனிக்கும்படி பயிற்றுநர் சொன்ன சற்று நேரத்திலேயே எனக்குத் திகில் பிடித்துக்கொண்டது. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு முட்டியது. கண்களை மூடியிருந்ததால் அறையே சுருங்குவது போலிருந்தது. எழுந்து வந்த என்னிடம் அவர், "உங்கள் மனம் ஒத்துழைக்கவில்லை" என்றார். ஒத்துழைக்காதது என் நுரையீரல். பிறகு கண்களைத் திறந்தபடியே, உள்ளங்கால் தரையில் படும் இடத்தில் மட்டும் கவனத்தை வைத்துப் பழகினேன். அதை என்னால் தாங்க முடிந்தது. மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் பதிவு

என் அனுபவம் சிறியது: நெடுநாள் இடுப்பு வலியோடு வரிசையில் நின்றிருந்தபோது, வலிக்கு முன்னால் மன எரிச்சல் பொங்குவதைக் கண்டுகொண்டேன். ஆனால் முதல் பதிவருக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கி வளர்த்த 8 வார மனக்கவனப் பயிற்சி, சிகிச்சைக்குத் துணையாக வந்ததே தவிர மாற்றாக வந்ததன்று. நாட்பட்ட இடுப்பு வலிக்கு, மருந்துக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றுள் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல் இதைக் குறிப்பிடுவது உண்மைதான். அதை முடக்குவாதத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்குகிறது, வலி அடங்கியிருக்கும்போதும் மூட்டெலும்பு அரிக்கப்படுவது தொடரக்கூடும். விட்ட மாத்திரையை ஈடுகட்ட இரட்டிப்பாகவும் போட்டுவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் பதிவரின் மறுமொழி

இரட்டிப்பாகப் போடவில்லை. ஆனால் மாத்திரையை விட்டதை மருத்துவரிடம் இதுவரை சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் சொல்வேன்.