ரெண்டு பணத்துக்கு என்ன அர்த்தம்?

கோபி பெரியம்மா: இன்றைக்குச் சபையில் பிரசங்கம் நல்ல சமாரியன். கள்ளர் அடித்துப் போட்டவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப் போக, சமாரியன் தூக்கிப்போய்ச் சத்திரத்தில் சேர்த்து ரெண்டு பணம் கொடுத்தானே, அந்தக் கதை. சத்திரம்தான் சபையாம், சத்திரத்தானிடம் கொடுத்த ரெண்டு பணம் நாம் சபைக்குக் கொடுக்கிற தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒன்று) காணிக்கையுமாம்! லூக்கா 10ல் அப்படியா இருக்கிறது? வந்த பிரசங்கியார் சொந்தமாக விட்ட சரடு.

திருப்பூர் அண்ணன்: அடுத்த வாரம் சத்திரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வசூல் வரும் பாரும்மா 😄

ஈரோடு மாமா: பணக் கணக்கு வேண்டுமானால் அவருடையது, அக்கா. சத்திரம் சபை என்பது கிட்டத்தட்ட 1,800 வருஷத்துப் பேச்சு. 3ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன் காலத்திலேயே உண்டு. அந்த விளக்கத்தில் குற்றுயிராய்க் கிடந்தவன் ஆதாம், எருசலேம் பரதீசு, ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள், சமாரியன் கிறிஸ்து.

நான்: அப்போ ரெண்டு பணம் என்னங்க மாமா?

ஈரோடு மாமா: அங்கேதான் ஆளுக்கொரு கணக்கு. ஓரிகனுக்குப் பிதாவையும் குமாரனையும் அறிகிற அறிவு. 4ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அம்புரோசுக்குப் பழையதும் புதியதுமான இரண்டு ஏற்பாடுகள். அவரிடம் பிரசங்கம் கேட்டுப் பிறகு பெரிய இறையியலாளரான அகஸ்டினுக்கு தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பு.

கோபி பெரியம்மா: நம்மாள் நாலாவது. கேட்க ஆளில்லை என்றால் இப்படித்தான்.

திருப்பூர் அண்ணன்: எழுதியதை எழுதியபடி படித்தால் தீர்ந்தது. இது அதைக் குறிக்கிறது என்று மறைபொருள் சொல்கிற ஞானார்த்தமெல்லாம் எதுக்குங்க?

ஈரோடு மாமா: தீராது மாப்ள. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்கிற போதகன் பழைய ஏற்பாட்டை எழுத்துப்படி படித்துத்தான், ‘இந்த தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு’ என்று அதையே தூக்கிப் போட்டான். அகஸ்டினுக்கும் முதலில் பழைய ஏற்பாடு ஒட்டவில்லை. மிலானில் அம்புரோஸ் ஞானார்த்தமாக விளக்கியதைக் கேட்டபிறகுதான் மனசு இளகியது. ஏன், பவுலே கலாத்தியர் 4ல் ஆபிரகாம் வீட்டு ஆகாரையும் சாராளையும் இரண்டு ஏற்பாடுகள், அதாவது உடன்படிக்கைகள், என்கிறாரே.

நான்: சரிங்க மாமா, எல்லை எங்கே?

ஈரோடு மாமா: நடந்த சம்பவத்தையே கரைத்துவிடக் கூடாது என்று அந்தியோகியா நகரத்து வேத விளக்கக்காரர்கள் அன்றைக்கே சண்டை போட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அக்வினாஸ், வாதம் செய்வதென்றால் நேர்ப்பொருளை வைத்து மட்டுமே செய்யலாம் என்றார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் கால்வின் இந்தச் சமாரியன் விளக்கத்தையே தள்ளிவிட்டார்.

கோபி பெரியம்மா: நான் கால்வின் கட்சி. ‘எனக்குப் பிறன் யார்’ என்று கேட்டவனுக்குச் சொன்ன கதை இது. அடிபட்டவன் ஆதாம், காப்பாற்றியவர் கிறிஸ்து என்று முடித்துவிட்டால், பெருந்துறை ரோட்டில் விழுந்து கிடக்கிறவனுக்கு வண்டியை நிறுத்துவது யார் வேலை? ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்கிற வசனத்தை இன்றைக்கு வாசிக்கவே இல்லை, தம்பி.

ஈரோடு மாமா: அது தப்புதான். அகஸ்டின் அப்படி விடவில்லை அக்கா. வேறிடத்தில் இதே கதையை வைத்து, உதவி தேவைப்படுகிற எவனும் பிறன்தான் என்று நேராகவே எழுதியிருக்கிறார்.

திருப்பூர் அண்ணன்: மாமா, பாப்பா கேட்கிறாள், சமாரியனோட கழுதைக்கு என்ன அர்த்தமாம்?

ஈரோடு மாமா: அதையும் அகஸ்டின் சொல்லியிருக்கிறார்! கிறிஸ்து எடுத்துவந்த மாம்சம்.

கோபி பெரியம்மா: அவளிடம் கழுதை கழுதைதான் என்று சொல்லு. மிச்சத்தைப் பத்தாவது முடித்ததும் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.