மறுமொழி: ‘ரஸ்லர்’, ‘அண்டர்கவர்’ – பழைய கௌபாய் படங்களுக்கான கலைச்சொற்கள்

குழும அன்பர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்கக் கௌபாய் படங்களில் வரும் ‘ரஸ்லர்’ (மாட்டு மந்தையைத் திருடுகிறவன்), ‘அண்டர்கவர்’ (தன்னை யாரென்று காட்டாமல் செயல்படுதல்) போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடும் உரையாடலில், உறுப்பினர்கள் சொன்னவற்றை மேற்கோளிட்டு மறுமொழி தருகிறேன்.

> ‘ரஸ்லர்’ என்பதற்கு ‘வெட்சியார்’ என்றே வைத்துவிடலாமே. மாடு கவர்வோருக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

வெட்சியை (வெட்சிப்பூச் சூடிப் போய்ப் பகைவரின் மாடுகளைக் கவர்ந்துவரும் பழந்தமிழ்ப் போர்முறை) இங்கே கொண்டுவர எனக்கு உடன்பாடு இல்லை, ஐயா. “வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்” என்பது தொல்காப்பியம். வேந்தன் அனுப்பியிருக்க வேண்டும், மாடு வேற்றுப்புலத்தது ஆக வேண்டும், கொண்டுவந்ததை ஓம்ப வேண்டும். டெக்ஸாஸ் ரஸ்லரை எந்த வேந்தனும் ஏவவில்லை. அவன் பக்கத்துப் பண்ணை மாட்டை ஓட்டிப்போய், அதன் மேலுள்ள குறியை மாற்றி, சந்தையில் விற்றுக் காசாக்குகிறான். ஓம்புகிற எண்ணம் அவனுக்குக் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சொல் அங்கே ஒரு குற்றச்சாட்டாகவும் பயன்பட்டது. 1892இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஜான்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெரும்பண்ணையார்கள், சிறு குடியானவர்களை ‘ரஸ்லர்’ என்று பட்டியலிட்டு, டெக்ஸாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அழைத்துவந்தார்கள். நேட் சாம்பியன் என்பவரை அவர் தங்கியிருந்த குடிலை முற்றுகையிட்டுக் கொன்றார்கள். இப்படி ஒருவன் மேல் சுமத்தப்படும் பழியை ‘வெட்சியார்’ எப்படித் தாங்கும்? அது பூச்சூடிப் போகும் வீரரின் பெயர். பழியைச் சுமக்கும் சொல் ‘கள்வர்’. தொல்காப்பியரே ‘களவு’ என்கிறார். ஆகவே என் பரிந்துரை ‘நிரைக்கள்வர்’. ‘மாட்டுத் திருடன்’ பேச்சில் இருக்கட்டும், காமிக்ஸ் வாசகர்கள் ரேஞ்சர் டெக்ஸ் வில்லர் கதைகள் வழியே அதற்குப் பழகியவர்கள்தான். ஆனால் வீட்டுக் கொட்டிலில் ஒற்றை மாட்டை அவிழ்த்துப் போகிறவனுக்கும் அதே பெயர். ரஸ்லர் மந்தையாக ஓட்டுகிறவன். மாட்டு மந்தையைக் குறிக்கும் ‘நிரை’ அதைச் சொல்லிவிடுகிறது. செங்கம் நடுகற்களில் மாட்டு மந்தையைக் குறிக்கும் ‘தொறு’வை ஒரு நண்பர் முன்வைத்தார். எனக்கும் பிடித்த சொல், ஆனால் இன்றைய வாசகர் அதை ‘நாள்தொறும்’ என்பதன் ஈறாகவே படிப்பார்.

> ‘பிராண்ட்’ = வணிக முத்திரை என்று ஏற்கெனவே இருக்கிறதே?

இங்கே ‘பிராண்ட்’ என்பது உரிமையாளரைக் காட்ட மாட்டின் தோலில் சுடும் அடையாளம். அதற்கு ‘வணிக முத்திரை’ செல்லாது. ஈழத்தில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் ‘குறி சுடுதல்’ என்கிறார்கள். பெயரும் வினையும் சேர்ந்தே கிடைக்கின்றன, அதையே எடுத்துக்கொள்வோம். இந்தப் படங்களின் கதை முழுக்க இந்தக் குறியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பதால் இதற்குக் கொஞ்சம் இடம் எடுக்கிறேன்.

திறந்த புல்வெளியில் எல்லார் மாடும் கலந்தே மேயும். எவருடையது எது என்பதற்குச் சாட்சி குறி ஒன்றுதான். பண்ணைக்காரர் தம் குறியைக் கவுண்டி அலுவலகத்தில் பதிந்து வைப்பார். அந்த வடிவத்திலேயே வார்த்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஒரே அழுத்தாக அழுத்துவார். கள்வனிடம் இருப்பது நுனி வளைந்த வெறும் கம்பி. அதைக் கொண்டு பழைய குறியோடு ஒரு கோடு, ஒரு வளைவு சேர்த்துப் புதுக்குறியாக எழுதிவிடுவான். ‘ரன்னிங் அயர்ன்’ எனப்படும் அந்தக் கம்பிக்கு ‘எழுதுகம்பி’ பொருந்தும். அதைக் கையில் வைத்திருந்தாலே சந்தேகத்துக்கு இடமாயிற்று. மாற்றிய குறிக்குக் ‘கள்ளக்குறி’ (கள்ளநோட்டு, கள்ளக்கையெழுத்து வழியில்). குறி சுடப்படாத கன்றான ‘மாவெரிக்’குக் ‘குறிபடாக் கன்று’.

கள்ளக்குறியைக் கண்டுபிடிக்கும் வழி அருமையானது. மாட்டைக் கொன்று தோலை உரித்து உட்புறத்தைப் பார்ப்பார்கள். மேலே மயிர் மூடி ஒன்றாகத் தெரிவது, உள்ளே பழைய தழும்பு வேறு, புதிய தழும்பு வேறு என்று பிரிந்து தெரியும். 1877இல் டெக்ஸாஸின் கிரகாம் ஊரில் கூடிய பண்ணையார்கள் தொடங்கிய சங்கம், குறிகளைச் சோதிக்கத் தனி ஆய்வாளர்களையே அமர்த்தியது. இன்றும் அச்சங்கத்துக்கு அத்தகைய அலுவலர்கள் உண்டு.

இனி முதன்மையான சொல்.

> ‘அண்டர்கவர் லாமேன்’ = மாறுவேடக் காவலர். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, அம்மா. 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் நிறுவனம் எடுத்து மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட 16 படங்களில் ஜான் வேன் நடித்தார். அவற்றில் பலவற்றில் அவர் தன்னை யாரென்று சொல்லாமல் ஊருக்குள் வரும் அரசு அதிகாரி. அதே தொப்பி, அதே குதிரை, அதே முகம். வேடம் எதையும் அவர் மாற்றுவதில்லை, பதவியைத்தான் மறைக்கிறார். 1941–42இல் மோனோகிராம் எடுத்த ‘ரஃப் ரைடர்ஸ்’ வரிசையில் பக் ஜோன்ஸ், டிம் மெக்காய், ரேமண்ட் ஹாட்டன் மூவரும் மார்ஷல்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள்போலத் தனித்தனியே ஊருக்குள் நுழைவார்கள். எவரும் பொய்த்தாடி ஒட்டுவதில்லை. ‘மாறுவேடம்’ என்றதும் நம் வாசகர் மனத்தில் எழுவது தாடியும் மருவும்தானே?

‘ஒற்றர்’ இன்னும் நெருங்கி வருகிறது. “கடாஅ உருவொடு” என்று குறள் சொல்வது, பார்ப்பவர் ஐயுறாத தோற்றம். ஆனால் ஒற்றர் அறிந்து வந்து சொல்வதோடு சரி. இந்தப் படத்து நாயகன் தானே கூட்டத்தில் சேர்ந்து, தானே தலைவனைப் பிடித்து, மந்தையையும் மீட்டாக வேண்டும்.

எனக்குக் கிடைத்த சொல் வில்லிபாரதத்திலிருந்து (வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதம்). விராட பருவத்தின் தொடக்கத்தில் ‘நாடு கரந்துறை சருக்கம்’. அதே பருவத்தில் பின்னால் ‘நிரைமீட்சிச் சருக்கம்’. பாண்டவர்கள் யாரென்று தெரியாமல் விராடன் அரண்மனையில் வேலை பார்க்கிறார்கள். கௌரவர் மாடுகளை வளைக்கிறார்கள். பேடி உருவில் இருந்த அருச்சுனன் தேரேறிப் போய் மீட்டு வருகிறான். ஒளிந்து வாழும் வீரன், களவாடப்பட்ட மந்தை, மீட்சி என எல்லாமே அங்கே இருக்கின்றன. அருச்சுனனுக்கு உருமாற்றமும் உண்டுதான். ஆயினும் ‘கரந்துறை’ என்ற சொல் தன்னை மறைத்து வாழ்வதையே குறிக்கிறது, வேடத்தைக் கட்டாயமாக்கவில்லை. எனவே ‘கரந்துறை காவலர்’. இவ்வகைப் படங்களுக்கு ‘நிரைமீட்சிப் படங்கள்’. இந்த இரண்டையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வகைக் குறைந்த செலவுக் கௌபாய் படங்களைச் சொல்லும் ‘பி-வெஸ்டர்ன்’ என்பதில் உள்ள ‘பி’யை ‘இரண்டாம் தரம்’ என்று பெயர்த்திருப்பதை மட்டும் நீக்கிவிடுங்கள். 1930களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு, கூட வரும் சின்னப் படத்துக்கு நிலையான வாடகை. வாடகை முன்கூட்டியே தெரிந்ததால் செலவையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. ஒரு மணிக்கும் குறைவான நீளம், லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஐவர்சன் பண்ணையின் அதே பாறைகள், முந்தைய படத்திலிருந்து வெட்டி ஒட்டிய மந்தை ஓட்டம். கரந்துறை காவலர் கதை இந்தச் சின்னப் படங்களை எடுத்தவர்களுக்கு வாய்த்ததும் இதனால்தான் என்பது என் எண்ணம். நாயகன் யார் என்ற மறைபொருளுக்குத் தனிச்செலவு கிடையாது. வில்லன் ஊர்ப் பெரிய மனிதர் என்பதற்கும் கிடையாது. ஆயிரம் மாட்டைக் காட்ட முடியாத குறையை அந்த இரண்டு இரகசியங்களும் நிரப்பின. இந்தச் சின்னப் படங்களைத் ‘துணைப்படம்’ என்போம். தரத்தைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

மார்ஷல், ஷெரீப், ரேஞ்சர் மூன்றும் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். முதலாமவர் ஒன்றிய அரசு அமர்த்தியவர், அடுத்தவர் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்தவர், மூன்றாமவர் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆள். எல்லாரையும் ‘காவல் அதிகாரி’ ஆக்கினால், ஷெரீப்பே கள்வரோடு கூட்டு என்று தெரிந்து மார்ஷல் கரந்து வரும் கதை புரியாமல் போகும்.

‘பாஸி’க்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ஷெரீப் அழைத்ததும் ஊரார் அவரவர் குதிரையேறித் துரத்தப் போகும் கூட்டம் அது. ‘படை’ என்றால் சம்பளக்காரர் ஆகிறார்கள், ‘கும்பல்’ என்றால் கள்வராகிவிடுகிறார்கள். பழைய இலக்கியத்தில் கரந்தைப் பகுதியை (கவரப்பட்ட மாடுகளை மீட்கும் போரைப் பாடுவது) தோய்ந்து படித்தவர்கள் ஒரு சொல் தர வேண்டும்.

அன்புடன்.