புதுப்பிப்பு: வீட்டின் வரி மதிப்பை உயர்த்தி வந்த நோட்டீஸ்

வீட்டின் வரி மதிப்பை, அதாவது சொத்து வரி கணக்கிட வைக்கும் மதிப்பை, ஒரேயடியாக உயர்த்தி நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வீட்டின் விவரங்கள் பதிவாகியுள்ள வரிப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. விஷயம் அங்கேதான் இருந்தது.

கார் நிறுத்த விட்டிருந்த திறந்த இடம் அறையாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. கட்டிய ஆண்டு என்ற கட்டத்தில் வீட்டைப் புதுப்பித்த ஆண்டு. நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி, அவ்வளவுதான். காரணம் சொல்லாத அறிவிப்பை எதை வைத்து மறுப்பது?

அப்புறம், எனக்கு வந்த நோட்டீஸில் ஆட்சேபணைக்கான கெடு அதில் அச்சான தேதியிலிருந்து ஓடியது, என் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல; உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருப்பவர்கள் பதிவேட்டில் முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மதிப்பு இரட்டிப்பானால் வரியும் இரட்டிப்பாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படிக் கட்டாயமில்லை. எல்லா வீடுகளின் மதிப்பும் சேர்ந்து ஏறும்போது வரி விகிதத்தைக் குறைப்பதும் உண்டு. அக்கம்பக்கத்தைவிட நம்முடையது அதிகமாக ஏறியிருந்தால்தான் இடி.

ஆட்சேபணையில் "வரி அதிகம், கட்ட முடியாது" என்று எழுதினால் எடுபடாது. அதனால் அளவு வரைபடம், புகைப்படங்கள், அதே மாதிரி வீடுகளின் மதிப்பு ஆகியவற்றை மட்டும் இணைத்தேன். பரப்பளவைத் திருத்திவிட்டார்கள். கட்டிய ஆண்டு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதற்குள் பில் வந்தால் கட்டிவிடுவேன், வட்டி ஏறவிட மனமில்லை.