மொய் விருந்து வைத்து வீடு கட்டலாமா?

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். 2018 கஜா புயலில் ஓடு பறந்த வீட்டில் ஒரு அக்கா இன்னும் தார்ப்பாய் கட்டிக் குடியிருக்கிறார். வீடு கட்டித்தரப் பணம் திரட்டுகிறோம். கறிச்சோறு போட்டு மொய் வாங்கும் மொய் விருந்து வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. மொய் என்றால் கடன். நோட்டில் ஏறிவிட்டால் அந்த அக்காதான் திருப்பிச் செய்ய வேண்டும். நன்கொடை என்று சொல்லியே வாங்குங்கள், ரசீது கொடுங்கள். பட்டா யார் பேரில்?

பதில் 2:
கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். ஊராட்சியில் கேளுங்கள். பணம் தவணையாகத்தான் வரும். நடுவில் கொத்தனார் கூலிக்குக் கை கடிக்கும். வசூலை அங்கே போடுங்கள்.

கேட்டவர்:
பட்டா இறந்துபோன மாமனார் பேரில் இருக்கிறது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சூளைக்காரர் ஒரு லோடு செங்கல் தருகிறாராம். சரி, கறிச்சோறு ஆசைதான் போச்சு!